ஆயிரத்து நானூறு கேள்வி போட்டும் க்வான்ட் 156-ஐத் தாண்டவில்லை, எங்கே தவறுகிறேன்?

ஏழாம்படி | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். முதுகலைச் சேர்க்கைக்காக ஜிஆர்இ நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. மூன்று மாதமாகத் தினமும் கேள்விகள் போட்டு வருகிறேன். எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து நானூறைத் தாண்டிவிட்டது. ஆனால் மாக் டெஸ்டில் (மாதிரித் தேர்வில்) க்வான்ட், அதாவது கணிதப் பகுதி, 155, 156, 155 என்று ஒரே இடத்தில் நிற்கிறது. எனக்கு 163 வேண்டும்.

ஒவ்வொரு செட் முடிந்ததும் விளக்கத்தைப் படிக்கத்தான் செய்கிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. இரண்டு நாள் கழித்து அதே மாதிரி ஒன்று வந்தால் மறுபடி தப்பு. நேற்றுத் தப்பான இரண்டைக் கீழே போடுகிறேன். விடை என்னிடம் இருக்கிறது. எனக்கு ஏன் இப்படி ஆகிறது என்றுதான் தெரிய வேண்டும்.

கேள்வி 1: x² > x. அளவு அ: x. அளவு ஆ: 1. எது பெரியது?
நான் போட்டது: அ பெரியது. சரியான விடை: தரப்பட்ட விவரத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கேள்வி 2: 1000-க்குக் குறைவான மிகை முழு எண்களில், 5 அல்லது 7 ஆகியவற்றில் சரியாக ஒன்றால் மட்டும் வகுபடுபவை எத்தனை?
ஆப்ஷன்கள்: 285, 286, 313, 314, 341.
நான் போட்டது: 314. சரியான விடை: 285.

தாழைமடல் | ஞாயிறு, இரவு 9.48

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு பக்கமும் x-ஆல் வகுத்து x > 1 என்று எழுதியிருப்பீர்கள், சரியா? சமன்பாடாக இருந்தால் x பூஜ்யமா என்று மட்டும் பார்த்துவிட்டு வகுக்கலாம். பெரிது, சிறிது என்ற குறி நடுவில் நிற்கும்போது அது போதாது. x குறை எண்ணாக இருந்தால் அந்தக் குறியே திரும்பிவிடும். x என்ன குறி என்று தெரியாத வரை வகுக்கக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவாருங்கள்: x² − x > 0, அதாவது x(x − 1) > 0. இரண்டு காரணிகளும் ஒரே குறியில் இருந்தால்தான் பெருக்கல் பலன் மிகை. ஆக x > 1 அல்லது x < 0. x = 2 என்றால் அ பெரியது. x = −2 என்றாலும் 4 > −2 என்ற நிபந்தனை பொருந்துகிறது, ஆனால் அப்போது ஆ பெரியது. முடிந்தது.

இந்த வகைக் கேள்வியில் எழுத்தைப் பார்த்ததும் நம் மனம் தானாக 2, 3, 5 என்றுதான் போட்டுப் பார்க்கும். அதை நம்பாதீர்கள். 2, 1, ½, 0, −½, −2 என்ற ஆறையும் ரஃப் தாளின் மேல் ஓரத்தில் தேர்வு தொடங்கியதுமே எழுதி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஒப்பீட்டுக் கேள்விக்கும் கண் ஒருமுறை அங்கே போய் வரட்டும். எனக்கு இது ஒன்றே நாலைந்து கேள்விகளைக் காப்பாற்றிக் கொடுத்தது.

கல்தச்சன் | ஞாயிறு, இரவு 10.25

ஏழாம்படி, இரண்டாவதற்கு நான் பதில் சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன். நேற்று இதைப் போட்ட ரஃப் தாள் இருக்கிறதா? இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு எழுத்துகூட மாற்றாமல் இங்கே போடுங்கள்.

ஏழாம்படி | ஞாயிறு, இரவு 10.31

இருக்கிறது அண்ணா. அதில் இருப்பது இவ்வளவுதான்:

1000/5 = 200
1000/7 = 142
1000/35 = 28
200 + 142 − 28 = 314

ஆப்ஷனில் 314 இருந்தது. அதனால் சந்தேகமே வரவில்லை, அடுத்ததற்குப் போய்விட்டேன்.

கல்தச்சன் | ஞாயிறு, இரவு 11.05

நன்றி. இந்த நாலு வரியில் உங்கள் மூன்று மாதமும் இருக்கிறது.

முதலில் கணக்கு. 1000-க்குக் குறைவாக 5-இன் மடங்குகள் 5 முதல் 995 வரை, மொத்தம் 199. உங்கள் 200-இல் ஆயிரமும் சேர்ந்துவிட்டது. 7-இன் மடங்குகள் 994 வரை 142. இரண்டாலும் வகுபடுபவை 35-இன் மடங்குகள், 980 வரை 28. இரண்டு வட்டம் வரைந்து நடுவில் 28 என்று எழுதுங்கள். இடது வட்டத்தில் மிச்சம் 171, வலது வட்டத்தில் மிச்சம் 114. சரியாக ஒன்றால் மட்டும் என்றால் நடுப்பகுதி வேண்டாம். 171 + 114 = 285.

இப்போது ஆப்ஷன்களைப் பாருங்கள். 286 என்பது ‘குறைவான’ என்ற சொல்லைக் கவனிக்காமல் 200 போட்டவருக்கு வருவது. 313 என்பது ‘ஒன்றால் மட்டும்’ என்பதைக் கவனிக்காமல் நடுப்பகுதியை ஒருமுறை மட்டும் கழித்தவருக்கு வருவது. 341 என்பது நடுப்பகுதியையே மறந்து 199-ஐயும் 142-ஐயும் கூட்டியவருக்கு. 314 என்பது இரண்டு சொல்லையும் கோட்டை விட்டவருக்கு. கேள்வி தயாரித்தவர், யார் எங்கே வழுக்குவார்கள் என்று யோசித்து ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணை வைத்திருக்கிறார். நம் விடை ஆப்ஷனில் இருப்பது அது சரி என்பதற்கு அடையாளமே இல்லை.

உங்களுக்கு மடங்கு எண்ணத் தெரிகிறது. பொதுவானதைக் கழிக்க வேண்டும் என்பதும் தெரிகிறது. 35-ஐக் கண்டுபிடித்திருக்கிறீர்களே! தெரியாதது கணிதம் இல்லை. இதுவரை உங்கள் தப்புக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? ‘எண்ணியல், தப்பு’ என்றுதானே? அப்படிப் பெயர் வைத்தால் அடுத்து என்ன செய்வீர்கள், எண்ணியலில் இன்னும் நாற்பது கேள்வி போடுவீர்கள். அந்த நாற்பதிலும் ‘குறைவான’ என்ற சொல் உங்கள் கண்ணைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

இனிமேல் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு செட்டை நேரம் வைத்துப் போடுங்கள். முடிந்ததும் விடையைப் பார்க்காதீர்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு, அதே கேள்விகளை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் வெற்றுத் தாளில் மறுபடி போடுங்கள். அதற்குப் பிறகுதான் விடைத்தாள். முதல்முறை தப்பு, இரண்டாம் முறை சரி என்றால் அது அவசரம் அல்லது வாசிப்பு. இரண்டு முறையும் தப்பு என்றால் பாடமே தெரியவில்லை, அப்போது புத்தகத்துக்குப் போகலாம். முதல்முறை சரி, இரண்டாம் முறை தப்பு என்று சில வரும். அவைதான் மிகவும் ஆபத்தானவை. குருட்டாம்போக்கில் வந்த மதிப்பெண் என்பதால் அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எது எந்த வகை என்று பெயர் வைத்து நோட்டில் எழுதுங்கள்.

விளக்கத்தைப் படிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்தவர் போட்ட கணக்கைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு, வெற்றுத் தாளில் முதல் வரியை எழுதுவது வேறு. நீங்கள் இதுவரை பழகியது முன்னதைத்தான்.

மின்மினி | திங்கள், காலை 6.50

கல்தச்சன் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நான் சேர்க்கைத் தேர்வு எழுதியபோது கேள்விகளை அள்ளி அள்ளிப் போட்டுத்தான் வேகம் வந்தது. க்வான்டில் முதல் பகுதி 12 கேள்விக்கு 21 நிமிடம், இரண்டாவது பகுதி 15 கேள்விக்கு 26 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றே முக்கால் நிமிடம்கூட முழுசாக இல்லை. ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை போட்டு, பெயர் வைத்து, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால் ஐந்து வாரத்தில் எத்தனை போட முடியும்? எண்ணிக்கைக்கும் ஒரு பலன் உண்டு.

கல்தச்சன் | திங்கள், காலை 8.15

உண்டு, மறுக்கவில்லை. பின்னத்தைச் சதவீதமாக மாற்றுவது, வர்க்கங்கள், 3-4-5 போன்ற முக்கோணங்கள், இவையெல்லாம் கை பழகினால்தான் வரும். அங்கே அள்ளிப் போடுவதுதான் வழி. ஆனால் இவர் ஆயிரத்து நானூறு போட்டவர். இவருக்குக் கை பழகிவிட்டது. பழகிய கையோடு பழகிய தப்பும் சேர்ந்து உறுதியாகிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பயமே அதுதான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஏழாம்படி, நீங்கள் பாடவாரியாகப் போடுகிறீர்களா, கலந்து போடுகிறீர்களா?

ஏழாம்படி | திங்கள், காலை 8.40

பாடவாரியாகத்தான். நான் சேர்ந்திருந்த பயிற்சி வகுப்பில் ஒரு வாரம் முழுக்க விகிதம், அடுத்த வாரம் முழுக்க நிகழ்தகவு என்று கொடுத்தார்கள். வகுப்புத் தாள்களில் எனக்கு எப்போதும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல்தான் வரும். மாக் டெஸ்டில்தான் சரிகிறது.

தாழைமடல் | திங்கள், பகல் 1.20

அதில் ஆச்சரியமே இல்லை. தாளின் தலைப்பிலேயே ‘நிகழ்தகவு’ என்று எழுதியிருந்தால், கேள்வியில் பாதியை யாரோ உங்களுக்காகப் போட்டுவிட்டார்கள். எந்த வழியை எடுப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான் தேர்வில் கடினமான பாதி.

2007-இல் ரோரர், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களை இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு திண்ம உருவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கும் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு உருவம் உருவமாக வரிசையில், இன்னொரு பிரிவுக்கு எல்லாவற்றையும் கலந்து. பயிற்சியின்போது வரிசையாகப் போட்டவர்களே நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நிலைமை தலைகீழ், கலந்து போட்டவர்கள் வெகுவாக முந்தினார்கள். உங்கள் தொண்ணூறு சதவீதமும் 155-உம் இதே கதைதான்.

வாரத்தில் ஒரு நாள் பாடவாரி, மற்ற நாளெல்லாம் கலவை என்று மாற்றுங்கள். முதல் வாரம் மதிப்பெண் இறங்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

தூரிகை | திங்கள், இரவு 9.02

வெர்பலுக்கும், அதாவது ஆங்கில மொழிப் பகுதிக்கும், இந்த முறை பொருந்துமா? எனக்கு க்வான்ட் பிரச்சினை இல்லை, வெர்பல் 151. நீளமான சொற்பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் கோடிட்ட இடங்களில் தப்பு விழுவது எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்களில்தான். நேற்று ஒரு வாக்கியத்தில் ‘சாங்ஷன்’ என்ற சொல் வந்தது. அனுமதி என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். அதுதான் விடை.

தாழைமடல் | திங்கள், இரவு 9.35

பொருந்தும், இன்னும் கூடுதலாகவே. தெரியாத சொல் வந்தால் நாம் ஜாக்கிரதையாக இருப்போம். பாதி தெரிந்த சொல்தான் ஏமாற்றும். சாங்ஷனுக்கு அனுமதி என்ற பொருளும் உண்டு, தண்டனைத் தடை என்ற நேர் எதிர்ப் பொருளும் உண்டு. ‘குவாலிஃபை’ என்றால் தகுதி பெறுவது என்றுதான் பழகியிருக்கிறோம், சொன்ன கருத்துக்கு ஒரு வரம்பு போட்டுச் சொல்வதும் குவாலிஃபைதான். ‘எனர்வேட்’ காதுக்கு எனர்ஜி மாதிரி கேட்கும், பொருளோ சோர்வடையச் செய்வது. ‘ஆர்ட்லெஸ்’ கலை இல்லாதவர் என்று தோன்றும், கள்ளமில்லாதவர் என்ற பொருளில்தான் அதிகம் வரும். ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பதை ஆர்வமில்லாதவர் என்று எடுத்தால் போச்சு, பெரும்பாலும் பக்கச்சார்பு இல்லாதவர் என்பதே அங்கே வேண்டியது. இப்படிப்பட்டவற்றுக்குத் தனி நோட்டு போடுங்கள். பெரிய பட்டியலை விட அந்தச் சின்ன நோட்டு பயன்படும்.

இன்னொரு பழக்கம்: ஆப்ஷன்களைக் கையால் மறைத்துக்கொண்டு, கோடிட்ட இடத்தில் என்ன பொருள் வர வேண்டும் என்று நீங்களே ஒரு சொல்லைச் சொல்லுங்கள். தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. ‘ஆனாலும்’, ‘என்பதால்’ போன்ற இணைப்புச் சொல்தான் திசை காட்டும். பிறகு கையை எடுங்கள். இரண்டு விடை தேர்ந்தெடுக்க வேண்டிய வகையில், தனித்தனியே பொருந்தும் இரண்டு சொல் போதாது. இரண்டும் வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தர வேண்டும். ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் பாதி மதிப்பெண்கூடக் கிடையாது.

கல்தச்சன் | திங்கள், இரவு 10.10

வெர்பல் பேச்சு வந்ததால் வாதக் கேள்வி ஒன்று. நான் எழுதியதுதான், ஆனால் தேர்வில் வரும் சாயலில்.

ஒரு நூலகம் தன் வேலை நேரத்தை ஒரு மணி நேரம் நீட்டித்தது. அடுத்த ஆறு மாதத்தில் இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை கணிசமாகக் கூடியது. ஆகவே நேரத்தை நீட்டித்ததே இதற்குக் காரணம் என்கிறது நிர்வாகம். இந்த முடிவை மிகவும் பலவீனப்படுத்துவது எது?

அ. நேரத்தை நீட்டித்ததால் ஊழியர் செலவு கூடியது.
ஆ. அதே ஆறு மாதத்தில் ஒருவர் ஒரு சமயத்தில் எடுக்கக்கூடிய புத்தகங்கள் மூன்றிலிருந்து ஆறாக உயர்த்தப்பட்டன.
இ. உறுப்பினர்களில் சிலருக்கு நேரம் நீட்டிக்கப்பட்டதே தெரியாது.

தூரிகை | திங்கள், இரவு 10.22

இ என்று நினைக்கிறேன். தெரியாதவர்கள் எப்படி அந்த நேரத்தைப் பயன்படுத்துவார்கள்?

கல்தச்சன் | திங்கள், இரவு 10.40

‘சிலர்’ என்ற சொல்லில் விரலை வைத்துப் பாருங்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்குத் தெரியாவிட்டாலும் அந்த வாக்கியம் உண்மைதான். மிச்சம் 990 பேர் அந்த ஒரு மணி நேரத்தில் வந்து எடுத்திருக்கலாமே. நீங்கள் ‘சிலர்’ என்று வாசித்து ‘பெரும்பாலோர்’ என்று மனதில் ஏற்றிக்கொண்டீர்கள். ஆ வேறொரு காரணத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நேரத்தை நீட்டிக்காமலே எண்ணிக்கை கூடியிருக்க முடியும் என்று காட்டுகிறது. விடை ஆ. அ உண்மையாகவே இருந்தாலும் காரணத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை.

ஏழாம்படிக்கு ‘குறைவான’, உங்களுக்கு ‘சிலர்’. இரண்டு பேர் நோட்டிலும் ஒரே பெயர்தான் ஏறும்.

நெடுவழி | செவ்வாய், மாலை 6.15

நான் மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் எழுதுகிறேன், இந்த இழையில் கேட்கலாமா? 2023 இறுதியில் வந்த புதிய வடிவத்தில் தரவுப் போதுமைக் கேள்விகள் (கொடுத்த விவரம் விடை காணப் போதுமா என்று மட்டும் கேட்பவை) டேட்டா இன்சைட்ஸ் என்ற பகுதிக்குள் போய்விட்டன. 20 கேள்விக்கு 45 நிமிடம். அதில் எனக்கு அடிக்கடி தப்பாவது இந்த மாதிரி:

சின்னப் பெட்டி ஒவ்வொன்றும் 7 கிலோ, பெரிய பெட்டி ஒவ்வொன்றும் 11 கிலோ. வண்டியில் இந்த இரண்டு வகைப் பெட்டிகள் மட்டுமே இருக்கின்றன. சின்னப் பெட்டிகள் எத்தனை?
(1) மொத்த எடை 83 கிலோ.
(2) மொத்தம் 9 பெட்டிகள்.

இரண்டு தெரியாத எண், இரண்டு சமன்பாடு. இரண்டும் சேர்ந்தால்தான் போதும் என்று போட்டேன். தப்பு என்கிறது.

தாழைமடல் | செவ்வாய், மாலை 7.00

தாராளமாகக் கேட்கலாம். ‘இரண்டு தெரியாததுக்கு இரண்டு சமன்பாடு’ என்பது பள்ளியில் படித்த நல்ல விதி. அது எந்த எண்ணும் வரலாம் என்ற இடத்துக்கானது. இங்கே பெட்டி பாதியாக இருக்க முடியாது, மைனஸாகவும் இருக்க முடியாது. அந்த நிபந்தனையைக் கேள்வி வாய்விட்டுச் சொல்லவில்லை, ‘பெட்டி’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறது.

(1)-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, பெரிய பெட்டியை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே மிச்ச எடை 7-ஆல் வகுபடுகிறதா என்று பாருங்கள். பெரியது பூஜ்யம் என்றால் மிச்சம் 83, இல்லை. ஒன்றுக்கு 72, இல்லை. பிறகு 61, 50, 39, எதுவும் இல்லை. ஐந்துக்கு 28, வகுபடுகிறது, சின்னது 4. ஆறுக்கு 17, ஏழுக்கு 6, இல்லை. ஒரே ஒரு வழிதான். ஆக (1) மட்டுமே போதும். (2) மட்டும் என்றால் எதுவும் சொல்ல முடியாது. விடை (1) தனியாகப் போதும் என்பது.

83-க்குப் பதில் 154 என்று கொடுத்திருந்தால்? 22 சின்னப் பெட்டியும் சரி, 14 பெரிய பெட்டியும் சரி, 11 சின்னதும் 7 பெரியதும் சேர்ந்தாலும் சரி. அப்போது (1) போதாது. எனவே இது புதிய விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்கள், பெட்டிகள், பேனாக்கள் என்று எண்ணக்கூடிய பொருள் வந்தால் எண்ணிப் பார்த்தே தீர வேண்டும்.

இரண்டும் சேர்ந்தால் போதும் என்ற விடை சுலபமாகக் கையில் வந்து விழுந்தால், ஒன்று மட்டும் போதுமா என்று இன்னொரு தடவை பாருங்கள்.

நெடுவழி | செவ்வாய், மாலை 7.18

‘பெட்டி’ என்ற சொல்லிலேயே இருந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது. நன்றி அக்கா.

ஏழாம்படி | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

ஒரு வாரமாக எழுதவில்லை, மன்னிக்கவும். கல்தச்சன் அண்ணா சொன்னபடி கடைசி மாக் டெஸ்டின் க்வான்ட் பகுதியை எடுத்து, விடை பார்க்காமல் மறுபடி போட்டேன். மொத்தம் 27 கேள்வி, முதலில் 11 தப்பு. நேரக் கட்டுப்பாடு இல்லாமல் போட்டபோது அந்தப் பதினொன்றில் எட்டு சரியாக வந்துவிட்டது. எட்டு! பாடம் தெரியாமல் தப்பானது மூன்றே மூன்று: இரண்டு வரிசைமாற்றம், ஒன்று திட்ட விலக்கம்.

அந்த எட்டையும் நோட்டில் எழுதினேன். முன்பெல்லாம் ‘கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டு மூடிவிடுவேன். இந்தத் தடவை எந்தச் சொல்லை, எந்த வரியில் விட்டேன் என்று எழுதினேன். ஒன்றை அப்படியே தருகிறேன்:

‘கேள்வி 9. பங்கு 20 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்ந்தது, எத்தனை சதவீத உயர்வு? நான் 5 போட்டேன். கேட்டது பழைய அளவை வைத்து, 5/20, அதாவது 25 சதவீதம். வரைபடத்தைப் பார்த்ததும் கழித்துவிட்டேன், கேள்வியின் கடைசி வரியை அதற்கு அப்புறம்தான் படித்தேன்.’

எழுதி முடித்து மேலிருந்து கீழே படித்தபோது எட்டில் ஐந்து ஒரே மாதிரி இருந்தது. கடைசி வரியை முழுசாகப் படிக்கும் முன்பே கை எழுத ஆரம்பித்திருக்கிறது. மிச்சம் மூன்று, குறை எண்ணையும் பின்னத்தையும் போட்டுப் பார்க்காதது. மூன்று மாதமாக நான் கணிதத்தில் வீக் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்தச்சன் | ஞாயிறு, இரவு 9.05

இதைப் படித்து உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் அதற்கு மருந்தே கிடையாது. கவனமாக இரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதோடு முடிந்துவிடும். ‘கடைசி வரிக்கு முன் கை எழுதுகிறது’ என்றால் மருந்து இருக்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். கேட்பது என்ன என்பதை ரஃப் தாளில் இரண்டு மூன்று சொல்லில் எழுதி வட்டம் போடுங்கள், அதற்கு அப்புறம்தான் கணக்கு. ஐந்து நொடிதான் ஆகும். மின்மினி கேட்ட வேகமும் இதில்தான் வரும், தப்பான வழியில் இரண்டு நிமிடம் ஓடுவது மிச்சமாகிறதே.

அந்த 11-ஐயும் மூன்று நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை புதிதாகப் போடுங்கள். விடை நினைவில் இருந்தாலும் பரவாயில்லை, வழியை எழுதிக் காட்ட முடிகிறதா என்பதுதான் சோதனை.

மின்மினி | ஞாயிறு, இரவு 9.20

நான் முதலில் மறுத்துப் பேசினேன், இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு ஒப்புக்கொள்கிறேன். எட்டு என்பது பெரிய எண்.

நேரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஒரு பகுதிக்குள் எல்லாக் கேள்விக்கும் ஒரே எடைதான். தப்பு விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. குறி வைத்துவிட்டுப் போய்த் திரும்ப வரலாம். ஆகவே ஒரு கேள்வியில் இரண்டு நிமிடம் தாண்டினால் ஏதாவது ஒன்றைப் போட்டு, குறி வைத்து, நகர்ந்துவிடுங்கள். இரண்டாவது பகுதி கடினமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், முதல் பகுதி நன்றாகப் போனால் அப்படித்தான் வரும்.

ஏழாம்படி | ஞாயிறு, இரவு 9.41

சரி. ஜிஆர்இ நடத்தும் இடிஎஸ் இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் ஒன்றை இன்னும் தொடவில்லை. இப்போதே எழுதிப் பார்க்கலாமா?

தாழைமடல் | ஞாயிறு, இரவு 9.55

வேண்டாம், தேர்வுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் எழுதுங்கள். உண்மையான தேர்வுக்கு மிக நெருக்கமானது அதுதான். ஒரே மூச்சில், நடுவில் எழாமல், 1 மணி 58 நிமிடம், கட்டுரையோடு சேர்த்து. பலர் கட்டுரையை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதிப் பார்ப்பார்கள். அரை மணி நேரம் எழுதிக் களைத்த மூளையோடு க்வான்ட் போடுவது எப்படி இருக்கும் என்பது அப்போது தெரியாமலே போய்விடும்.

அதுவரை ஒரு வேலை தருகிறேன். நீங்களே கேள்வி எழுதுங்கள். உங்கள் நோட்டில் இருக்கும் ஒரு தப்பை எடுத்து, மற்றவர் அதில் விழும்படி ஒரு கேள்வி கட்டுங்கள். பொறி வைக்கத் தெரிந்தால் பொறி எங்கே இருக்கும் என்றும் தெரிந்துவிடும்.

ஏழாம்படி | புதன், இரவு 10.05

எழுதிவிட்டேன் அக்கா. மூன்று நாள் ஆனது. முதல் நாலும் சரியில்லை, பொறி வெளியே தெரிந்தது. இது ஐந்தாவது.

x, y இரண்டும் மிகை முழு எண்கள். xy = 36.
அளவு அ: x + y. அளவு ஆ: 12.

மின்மினி | புதன், இரவு 10.14

4, 9 போட்டால் 13. 3, 12 போட்டால் 15. 2, 18 போட்டால் 20. 1, 36 போட்டால் 37. எல்லாமே 12-க்கு மேல். அ பெரியது.

மின்மினி | புதன், இரவு 10.16

இல்லை, நில்லுங்கள். இரண்டும் வேறு வேறு எண் என்று கேள்வியில் எங்கேயும் இல்லை. 6, 6. அப்போது சமம். சொல்ல முடியாது என்பதுதான் விடை.

ஏழாம்படி | புதன், இரவு 10.17

ஆமாம். அடுத்ததை வெள்ளிக்கிழமை போடுகிறேன், அது பின்னத்தை வைத்து.